கடல் இல்லாத ஊரிலிருந்து கப்பல் ஏறியவர்கள்

மலர்க் குழுவிலிருந்து தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, நீங்க வேலை விஷயமா ஊர் ஊராப் போறவரு. இந்த உல்லாசக் கப்பலெல்லாம் போய் நிக்கிற துறைமுக ஊர்களைப் பத்தி ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. ஜூனியர் பசங்க ஆசையாப் படிப்பாங்க" என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். சென்னைக் கடற்கரைக்குச் சாலை வழியே 300 கிலோமீட்டர். நம் கல்லூரியில் படித்த நாலு வருஷத்தில் நான் பார்த்த பெரிய தண்ணீர் கெலவரப்பள்ளி அணைதான். என்னைப் போய்த் துறைமுகம் பற்றி எழுதச் சொல்கிறாரே என்று நினைத்தேன்.

ஆனால் போனை வைத்த பிறகு ஒரு ஞாபகம் வந்தது. 2019-இல் ஒரு இயந்திரத்தை நிறுவிக் கொடுக்கும் வேலையாக மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போயிருந்தேன். பாயான் லெப்பாஸ் என்ற தொழிற்பேட்டையில் மூன்று வாரம் வேலை. தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலேயே கடல். கடலுக்கு நடுவே, கைக்கு எட்டுகிற தூரத்தில், காடு மூடிய ஒரு சிறு தீவு. மதிய இடைவேளையில் அந்தத் தொழிற்சாலையின் சூப்பர்வைசரிடம், அவரும் நம்ம தமிழர்தான், அது என்ன தீவு என்று கேட்டேன்.

"அதுவா தம்பி, அதான் ஜெரெஜாக். எங்க தாத்தா இந்த நாட்டுல மொதல்ல எறங்குன எடம்" என்றார்.

அந்த ஒரு பதிலில் இருந்துதான் இந்தக் கட்டுரையின் கதை தொடங்குகிறது. ஏனென்றால் என் பாட்டியின் பெரியப்பாவும் அப்படிக் கப்பலேறிப் போனவர்தான். எங்கள் ஊர் இராயக்கோட்டைப் பக்கம். "எங்க பெரியப்பா கடல் தாண்டிப் போனாரு கண்ணு, காயிதம் வந்துச்சு, ஆளு வர்ல" என்று பாட்டி சொல்லுவாள். அதைச் சின்ன வயதில் கதை மாதிரிதான் கேட்டிருக்கிறேன். வரைபடத்தில் அந்த வழியைத் தேடிப் பார்த்தது பினாங்கிலிருந்து திரும்பிய பிறகுதான்.

சின்ன ரயிலும் கங்காணியும்

இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல் பிறந்தது. அதற்கு முன் 1965-லிருந்து தருமபுரி மாவட்டம், அதற்கும் முன் பழைய சேலம் மாவட்டம். இந்தப் பழைய சேலம் மாவட்டம், வட ஆற்காடு, திருச்சி, தஞ்சாவூர் ஆகியவைதான் மலேயா நாட்டு ரப்பர் தோட்டங்களுக்கு அதிகம் ஆள் அனுப்பிய பகுதிகள். மழை பொய்த்தால் ராகியும் இல்லை, கூலியும் இல்லை என்றிருந்த காலம் அது.

நம் ஜூனியர்களில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி. இந்தப் பக்கத்தில் அந்தக் காலத்திலேயே ரயில் ஓடியிருக்கிறது! திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இல் ஒரு பாதை. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் ஒரு பாதை. அது 1913-இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டரை அடி அகலக் குறுகிய பாதைகள். பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவந்து சேர்க்கலாம் என்ற நோக்கத்தோடு போட்டவை. தானியம் வந்த அதே பாதையில் ஆட்களும் வெளியே போனார்கள். இந்தச் சின்ன ரயிலில் ஏறி மொரப்பூர் சேர்ந்தால் சென்னைப் பெரும்பாதை; அங்கிருந்து சேலம், ஈரோடு, திருச்சி என்று மாறி மாறி நாகப்பட்டினம் போய்விடலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குள் இரண்டு பாதைகளும் மூடப்பட்டு, தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. சேலம்-பெங்களூர் பாதை வந்ததால் ஓசூருக்கு 1960-களின் கடைசியில் மறுபடி ரயில் கிடைத்தது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆள் சேர்த்தது கங்காணி. தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்கிற ஒருவரை உரிமம் கொடுத்துச் சொந்த ஊருக்கு அனுப்புவார்கள். அவர் தன் உறவிலும் ஊரிலும் ஆள் சேர்த்துக் கூட்டிப் போவார். 1907-இல் மலேயாவில் ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். தோட்ட முதலாளிகள் தங்களிடம் இருக்கும் தொழிலாளர் கணக்குப்படி அதில் பணம் கட்ட வேண்டும். அந்த நிதியிலிருந்து தொழிலாளியின் கப்பல் டிக்கெட் போனது. அதனால் பாட்டியின் பெரியப்பாவுக்கு டிக்கெட் செலவு இல்லை. 1920-களின் கடைசியில், இருபத்து மூன்று இருபத்து நாலு வயதில், ஒரு கங்காணியோடு அவர் புறப்பட்டுப் போனார் என்பதுதான் வீட்டில் தெரிந்த விவரம். பொட்டியில் என்ன எடுத்துப் போனார், யார் வழியனுப்பினார்கள் என்பதெல்லாம் பாட்டிக்கே தெரியாது. அவள் பிறக்குமுன் நடந்தது.

நாகை: கரையில் நிற்காத கப்பல்

நாகப்பட்டினம் நேற்று முளைத்த துறைமுகம் இல்லை. ராஜராஜ சோழன் காலத்தில், அதாவது ஆயிரம் வருஷத்துக்கு முன், ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் அங்கே சூடாமணி விகாரம் என்ற புத்த விகாரத்தைக் கட்டினார். அதற்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தைச் சோழ அரசு தானமாகக் கொடுத்தது. அந்தச் செப்பேடுகள் பின்னாளில் நெதர்லாந்தின் லெய்டன் நகரம் போய்ச் சேர்ந்து 'லெய்டன் செப்பேடுகள்' என்று பெயர் பெற்றன. விகாரம் கட்ட இடம் கொடுத்த சோழரின் மகன் ராஜேந்திரன், 1025 வாக்கில் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது படை அனுப்பிக் கடாரம் கொண்டான். கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம். பினாங்குத் தீவுக்கு நேர் எதிர்க் கரை! ஆக, நாகைக்கும் பினாங்குக்கும் நடுவே உள்ள கடல்வழி கங்காணி கண்டுபிடித்தது அல்ல.

பிறகு போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1658-இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1781-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1861-இல் நாகையிலிருந்து திருச்சி நோக்கி ரயில் பாதை ஓட ஆரம்பித்தது. தென்னிந்தியாவின் உட்பகுதிக்குக் கடலிலிருந்து போன ரயில் என்பதால் நாகையில் ரயில்வே தொழிற்கூடமும் அமைந்தது. இந்த ரயிலால் பக்கத்துத் துறைமுகம் ஒன்று படுத்தது. 1620-லிருந்து 1845 வரை டென்மார்க் நாட்டவர் வைத்திருந்த தரங்கம்பாடிதான் அது. சரக்கெல்லாம் ரயில் இருக்கிற நாகைக்குப் போய்விட, தரங்கம்பாடியில் கோட்டையும் கடற்காற்றும் மிஞ்சின.

இதில் ஒரு விசித்திரம், நாகையில் பெரிய கப்பல் கரைக்கே வர முடியாது. கடல் அங்கே ஆழம் குறைவு. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கடுவையாற்றின் முகத்துவாரத்திலிருந்து படகில் ஆட்களையும் மூட்டைகளையும் கொண்டுபோய்க் கப்பலின் பக்கவாட்டில் ஏற்ற வேண்டும். படகு அலையில் ஏறி இறங்கும். கப்பலின் ஏணி ஒரு நேரம் தலைக்கு மேலே, ஒரு நேரம் இடுப்புக்கு நேராக. அதுவரை ஏரியைத் தவிர வேறு தண்ணீர் பார்த்திராத இராயக்கோட்டைக்காரர் அதில் எப்படிக் கால் வைத்து ஏறியிருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

ரஜுலா

தமிழ்நாட்டில் ஐம்பது அறுபது வயதைத் தாண்டியவர்களிடம், அதுவும் காவிரிக் கரைப் பக்கம், 'ரஜுலா' என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறும். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு 1926-இல் ஓட்டத்துக்கு வந்த கப்பல் அது. எட்டாயிரம் டன்னுக்குச் சற்று மேல். இன்றைய கணக்கில் சின்னக் கப்பல். ஆனால் ஆரம்ப காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்தது. பின்னால் விதிகள் மாறியபோது இந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைக்கப்பட்டது.

டெக் பயணி என்றால் என்ன? அறை கிடையாது. கட்டில் கிடையாது. கப்பல் தட்டில் பாயோ ஜமக்காளமோ விரித்த இடம்தான் வீடு. மழைக்கும் வெயிலுக்கும் மேலே படுதா. பக்கத்தில் அடுத்த குடும்பத்தின் பாய். வங்காள விரிகுடாவின் நடுவே ஒரு வார அளவுக்கு இப்படித்தான். கப்பல் நின்று போன துறைமுகங்களின் வரிசை இது: சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர். போர்ட் ஸ்வெட்டன்ஹாமுக்கு 1972-இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. ஆள் மட்டுமல்ல, வெங்காயமும் ஜவுளியும் இந்த வழியில் போயின.

நம் ஜூனியர்கள் மனதில் வைக்க வேண்டிய விஷயம், இந்த ஐந்து ஊர்களும் அப்போது சுற்றுலா ஊர்கள் அல்ல. கூலிக்குப் போகிறவனுக்கு அவை தன்னை எண்ணிப் பார்க்கிற இடங்கள். நாகையில் முகாமில் வைத்து எண்ணுவார்கள், வைத்தியர் சோதிப்பார். மறு கரையில் இறங்கியதும் ஊருக்குள் விட மாட்டார்கள். தொற்று நோய் இருக்கிறதா என்று பார்க்கத் தனி இடத்தில் நிறுத்தி வைப்பார்கள். பினாங்கில் அந்த இடம்தான் ஜெரெஜாக் தீவு. கரையில் நகரத்து விளக்குகள் தெரியும், போக முடியாது. 1969-லிருந்து 1993 வரை அதே தீவைச் சிறைச்சாலையாக வைத்திருந்தார்கள் என்றால் அது எப்படிப்பட்ட இடம் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

கூலி ஆள் அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு தடை செய்தது. பாட்டியின் பெரியப்பாவிடமிருந்து கடைசிக் கடிதம் வந்தது 1941-இல். அடுத்த வருஷம் ஜப்பானியர் மலேயாவையும் சிங்கப்பூரையும் பிடித்தார்கள். சயாம்-பர்மா ரயில் பாதை போடுவதற்கு 1942, 1943-இல் தோட்டத்துத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் இறந்தவர்களுக்குச் சரியான கணக்கு இல்லை. பல பத்தாயிரம் பேர். அவர் அதில் ஒருவரா, இல்லை வேறு எங்காவது குடும்பம் குட்டியோடு வாழ்ந்து முடித்தாரா, எங்களுக்குத் தெரியாது. இரும்புப் பெட்டியில் பாட்டி வைத்திருந்த அந்தக் கடிதத்தில் தோட்டத்தின் பெயர் இருந்த மூலையைக் கரையான் அரித்துவிட்டது.

போருக்குப் பிறகும் ரஜுலா ஓடியது. ஆனால் ஏறினவர்கள் மாறிவிட்டார்கள். கடை வைத்திருப்பவர்கள், உறவு பார்க்கப் போகிறவர்கள், கல்யாணத்துக்கு ஊர் திரும்புகிறவர்கள். 47 வருஷம் ஓடிய பிறகு 1973-இல் இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கி 'ரங்கத்' என்று பெயர் வைத்தது. 1974-இல் பம்பாயில் உடைத்தார்கள்.

கப்பல் நின்ற கதை

ரஜுலாவின் இடத்துக்கு வந்தது 'எம்.வி. சிதம்பரம்'. பிரெஞ்சுக்காரர்கள் 1966-இல் தென் அமெரிக்கா போய்வரக் கட்டிய 'பாஸ்தர்' என்ற கப்பல்தான் அது. ரஜுலாவைவிடப் பெரிதும் நவீனமுமான கப்பல். பிரெஞ்சுக்காரர்கள் ஏன் விற்றார்கள்? விமானம்! 1958-இல் போயிங் 707 அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பறக்க ஆரம்பித்த பிறகு, பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் உலகத்தில் ஊர் விட்டு ஊர் போகிற பயணிகள் கப்பல்களுக்கு வேலை போய்விட்டது. அங்கே ஆகாதது இங்கே வந்தது. இங்கேயும் அதே கதி சீக்கிரம் வந்தது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் நாலு மணி நேரம். கப்பலில் ஒரு வாரம். 1985 பிப்ரவரியில், சிங்கப்பூரிலிருந்து வரும் வழியில் நடுக்கடலில் சிதம்பரம் தீப்பிடித்தது. நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். கப்பல் அதோடு உடைக்கப் போனது. தமிழ்நாட்டுக்கும் மலேயாவுக்கும் இடையே இருந்த வழக்கமான பயணிகள் கப்பல் போக்குவரத்தும் அத்தோடு முடிந்தது.

இலங்கை வழியிலும் இதே கதைதான், காரணம் வேறு. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் ரயில் தனுஷ்கோடி வரை போனது. ரயிலில் வந்து இறங்கினவர் அங்கேயே கப்பலேறித் தலைமன்னார் போய்விடலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு ராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் இலங்கைக் கலவரத்தோடு நின்றது.

இரண்டு கரைகள், இரண்டு கணக்கு

என் மனதை அரித்த விஷயத்துக்கு இப்போது வருகிறேன். கப்பல் நின்றது நாகைக்கும்தான், பினாங்குக்கும்தான். பிறகு நடந்தது ஏன் ஒரே மாதிரி இல்லை?

நாகையின் கணக்கைப் பாருங்கள். 1844-இல் நாகையில் ஆரம்பித்த புனித வளனார் கல்லூரி 1883-இல் திருச்சிக்குப் போய்விட்டது. (இந்தக் கல்லூரிக்காகத்தான் சூடாமணி விகாரத்தின் கடைசிக் கோபுரத்தை 1867-இல் இடித்தார்கள்.) ரயில்வே தொழிற்கூடம் 1920-களில் திருச்சிப் பொன்மலைக்குப் போனது. 1980-களில் கப்பலும் போனது. படிப்பும் போய், பட்டறையும் போய், கடைசியில் பயணியும் போனால் ஒரு துறைமுகத்தில் என்ன மிஞ்சும்? மீன்பிடித் துறையும் வேளாங்கண்ணிக்குப் போகிற கூட்டமும் மிஞ்சின. அதன் மேல் 2004 சுனாமி வந்து, தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களை அந்த மாவட்டத்தில்தான் கொண்டுபோனது.

பினாங்குக்கும் அடி விழாமல் இல்லை. 1786-இல் ஆங்கிலேயர் தொடங்கிய ஜார்ஜ் டவுன், சுங்கவரி இல்லாத துறைமுகம் என்பதாலேயே வளர்ந்த ஊர். 1969-இல் அந்தச் சலுகை பறிபோனது. வேலையில்லாத் திண்டாட்டம். அப்போது மாநில முதலமைச்சரான லிம் சோங் யூ, கப்பலை நம்பியிருக்க முடியாது என்று முடிவு செய்து, தீவின் தென்பகுதியில் வயலாக இருந்த இடத்தில் தொழிற்பேட்டை போட்டார். 1972-இல் பாயான் லெப்பாஸ் வந்தது. இன்டெல் போன்ற கம்பெனிகள் வந்தன. ரப்பரும் ஈயமும் ஏற்றிக்கொண்டிருந்த ஊர், கம்ப்யூட்டருக்கான சில்லு செய்கிற ஊராக மாறியது. நான் மூன்று வாரம் வேலை பார்த்தது அந்தத் தொழிற்பேட்டையில்தான். நம் சிப்காட் அமைப்பு தொடங்கியது 1971. ஓசூரில் தொழிற்பேட்டை போட்டதும் அதே பத்தாண்டில்தான். ஏறக்குறைய ஒரே வயது இரண்டுக்கும்!

பழைய நகரத்தையும் அவர்கள் இடிக்கவில்லை. 1801-இல் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1833-இல் எழுந்த குவீன் தெரு மகா மாரியம்மன் கோவில், சீனக் கோவில்கள் எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. 2008-இல் யுனெஸ்கோ அந்த நகரத்தை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அதைப் பார்க்கத்தான் இப்போது உல்லாசக் கப்பல்கள் வருகின்றன.

உல்லாசக் கப்பல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்வெட்டன்ஹாம் துறைமேடைக்குப் போனேன். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று தண்ணீரில் மிதப்பது போல ஒரு கப்பல் நின்றது. எத்தனை பால்கனி என்று எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். வெள்ளைத் தொப்பியும் கேமராவுமாக ஆட்கள் இறங்கி ரிக்‌ஷாவில் ஏறினார்கள். சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும். இரவு கப்பல் புறப்பட்டுவிடும். பாட்டியின் பெரியப்பாவை நிறுத்தி வைத்த தீவு அங்கிருந்து சில கிலோமீட்டர்தான்.

இந்த உல்லாசக் கப்பல் தொழிலே விமானத்தால் வேலை இழந்த கப்பல்களிலிருந்து பிறந்தது. 1962-இல் அட்லாண்டிக் கடலில் ஓட ஆரம்பித்த 'பிரான்ஸ்' என்ற பிரம்மாண்டக் கப்பல் 1974-இல் நிறுத்தப்பட்டது. நார்வேக்காரர் ஒருவர் அதை வாங்கி, 'நார்வே' என்று பெயர் மாற்றி, 1980-இல் அமெரிக்காவின் மயாமியிலிருந்து கரீபியன் தீவுகளுக்கு உல்லாசப் பயணம் விட்டார். போய்ச் சேருகிற அவசரம் விமானத்துக்குப் போனபின், போகிற சுகத்தைக் கப்பல் விற்க ஆரம்பித்தது. இன்று அதற்கென்றே கட்டுகிற கப்பல்களில் ஐந்தாயிரம் பேருக்கு மேல் போகிறார்கள். ரஜுலாவும் ஐயாயிரம் பேரைச் சுமந்தது என்று சொன்னேன் அல்லவா? எண்ணிக்கை ஒன்றுதான். கப்பலின் எடைதான் இருபது மடங்குக்கு மேல்.

நம் கரைக்கும் இது வந்தது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து 'எம்ப்ரஸ்' என்ற உல்லாசக் கப்பலின் பயணத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். அந்தச் சமயத்தில் புதுச்சேரியில் அதற்கு அனுமதி கிடைக்காமல் போனது. 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை துறைமுகங்களுக்குப் போனது. அதே வருஷம் அக்டோபரில் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குச் சிறிய பயணிகள் கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்டில் வேறொரு கப்பலோடு மறுபடி தொடங்கியது. நாகைக் கரையில் பயணிகள் கப்பல் என்ற பேச்சு திரும்ப எழ ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது.

உல்லாசக் கப்பல் வந்தால் ஊருக்குச் சுபிட்சம் என்று நினைக்க வேண்டாம். குரோஷியா நாட்டின் துப்ரோவ்னிக் என்ற சின்னக் கோட்டை நகரம், கூட்டம் தாங்காமல் 2019-இல் ஒரு நாளைக்கு இரண்டு கப்பல்தான் என்று கட்டுப்பாடு வைத்தது. வெனிஸ் நகரத்தின் மையக் கால்வாயில் பெரிய கப்பல்கள் நுழைய 2021-இல் தடை போட்டார்கள். எட்டு மணி நேரம் இறங்கி, ஒரு குளிர்பானம் குடித்துவிட்டுப் போகிற விருந்தாளியால் ஊருக்கு வருகிற காசு குறைவு, நெரிசல் அதிகம் என்பது அந்த ஊர்க்காரர்களின் புகார்.

நம்ம ஊர்த் துறைமுகம்

இதையெல்லாம் ஓசூரில் உட்கார்ந்துகொண்டு ஏன் சொல்கிறேன்? நம்மிடமும் ஒரு துறைமுகம் இருந்தது. ஜூஜூவாடி செக்போஸ்ட்!

நாங்கள் படித்த காலத்தில் எல்லையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். பில்லைக் காட்டி, முத்திரை குத்தி, வரி விவகாரம் முடிகிறவரைக்கும் டிரைவரும் கிளீனரும் அங்கேயேதான். அவர்களை நம்பி டீக்கடை, பரோட்டாக் கடை, பஞ்சர் கடை, டயர் கடை, பாரம் எழுதிக் கொடுக்கிறவர், ஜெராக்ஸ் கடை. ஞாயிறு இரவு பெங்களூரில் சினிமா பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பும்போது நாங்களும் அங்கேதான் இறங்கிச் சாப்பிடுவோம். கப்பல் வந்து நிற்கிற துறைமுகத் தெரு இப்படித்தானே இருக்கும்! 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. லாரி வரிசை கரைந்தது. நாங்கள் சாப்பிட்ட பரோட்டாக் கடையும் போய்விட்டது. லாரிக்காரருக்கு அது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. நிற்கிறவர்களை மட்டும் நம்பியிருந்தவர்களுக்குப் பிழைப்பு போயிற்று.

ஓசூர் படுக்கவில்லை. காரணம் செக்போஸ்டுக்குப் பின்னால் பட்டறை இருந்தது. நம் மாவட்டத்து மாங்கூழும் கிரானைட்டும் வண்டிப் பாகங்களும் கன்டெய்னரில் ஏறி, கிருஷ்ணகிரி வழியாகச் சென்னைத் துறைமுகங்களுக்குப் போகின்றன. கன்டெய்னர் என்பதே 1956-இல் ஒரு அமெரிக்க லாரிக் கம்பெனிக்காரர் பழைய எண்ணெய்க் கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி அனுப்பியதில் தொடங்கிய விஷயம். சென்னையில் கன்டெய்னர் முனையம் 1983-இல் வந்தது. சிதம்பரம் கப்பல் தீப்பிடித்ததற்கு ஓராண்டு சொச்சம் முன்பு! ஆள் போன கப்பல் நிற்கும்போது, பெட்டி போகிற கப்பல் வந்தது. அந்தப் பெட்டி வந்ததால்தான் கடல் இல்லாத நம் ஊர், கடல் தாண்டி வியாபாரம் செய்ய முடிகிறது.

ஆனால் அடுத்த அலை வந்துகொண்டிருக்கிறது. 2021-இல் நம் மாவட்டத்திலேயே மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் திறந்தன. பிஸ்டனும் வால்வும் கியரும் கடைகிற சின்னச் சின்னப் பட்டறைகள் நம் பேட்டையில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். நம்மில் பலர் முதல் சம்பளம் வாங்கியது அங்கேதான். மின்சார வண்டியில் பிஸ்டனும் கிடையாது, வால்வும் கிடையாது. என் கூடப் படித்த நண்பன் ஒருவன் பன்னிரண்டு பேரை வைத்து அப்படி ஒரு பட்டறை நடத்துகிறான். "மெஷின் நல்லாத்தான்டா இருக்கு, ஆர்டர்தான் எத்தனை நாளைக்குன்னு தெரியல" என்றான் போன மாதம். நாகைக்கு விமானம் எப்படியோ, அவனுக்கு மின்சார மோட்டார் அப்படி. 1969-இல் பினாங்கு நின்ற இடத்தில் இன்று அவன் நிற்கிறான்.

அவனுக்கு நான் சொன்ன யோசனையைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். பினாங்கு பழைய கப்பலுக்காகக் காத்திருக்கவில்லை. கையில் இருந்த ஆளையும் இடத்தையும் கொண்டு அடுத்த வேலையைக் கற்றுக்கொண்டது. மைக்ரான் கணக்கில் கடைகிற கை, மோட்டார் ஷாஃப்டையும் கடையும். மருத்துவக் கருவியையும் கடையும். ஆனால் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். நாகை இழந்த மூன்றில் முதலில் போனது கல்லூரி என்பதை மறக்கக் கூடாது. நம் கல்லூரியின் ஒர்க்ஷாப்பில் நான் படித்தபோது இருந்த கடைசல் இயந்திரங்களே இன்னும் நிற்கின்றன. முன்னாள் மாணவர் சங்கத்தில் கூடுகிற நாம், இந்த ஆண்டு விருந்துச் செலவில் கொஞ்சம் குறைத்து, மின்மோட்டார் சோதனை மேடை ஒன்றாவது வாங்கிக் கொடுத்தால் என்ன? என் நண்பனின் பட்டறை ஆட்களும் சனிக்கிழமைகளில் வந்து கற்றுக்கொள்ளட்டும். என் பங்குக்கு முதல் தொகையைச் சங்கப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். மற்றவர்கள் கூட்டத்தன்று பேசலாம்.

வெளிநாட்டிலிருந்து வருகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் யாராவது மலேசியாவில் இருந்தால், பழைய தோட்டங்களின் பேரேடுகள் எங்காவது இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லுங்கள். 1920-களின் கடைசியில் இராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து போன ஒருவரைப் பற்றிய தகவலுக்காக, தொண்ணூறு வயதை நெருங்கும் என் பாட்டி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.